உப்பும் இரத்த அழுத்தமும்: ஒரு மருத்துவ வரலாறு

இதயத்திலிருந்து வெளியேறும் இரத்தம் தமனிகளின் சுவர்மீது செலுத்தும் விசையே இரத்த அழுத்தம். இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம் மேல் எண்ணாகவும், இரு துடிப்புகளுக்கு இடையே இதயம் தளர்ந்திருக்கும்போது உள்ள அழுத்தம் கீழ் எண்ணாகவும் எழுதப்படுகின்றன. 120/80 என்று மருத்துவர் குறிப்பது இதைத்தான். இந்த அளவு தொடர்ந்து 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அதை உயர் இரத்த அழுத்தம் என்று பல நாடுகள் வரையறுத்துள்ளன. தமிழில் பொதுவாக இதனை 'இரத்தக் கொதிப்பு' என்பர். கொதிப்பு என்ற சொல் சினத்தை நினைவூட்டுவதால், இது கோபக்காரர்களுக்கு வரும் நோய் என்ற எண்ணமும் கூடவே பரவிவிட்டது. உண்மையில் சாந்தமானவர்களுக்கும் இது வருகிறது. பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி இருந்துவிட்டு ஒருநாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ சிறுநீரகச் செயலிழப்பாகவோ வெளிப்படுகிறது.

இந்நோயின் வரலாற்றில் ஒரு விந்தை உண்டு. உணவில் உப்பைக் குறைத்தால் அழுத்தம் இறங்கும் என்பதை 1904ஆம் ஆண்டிலேயே பாரிஸ் மருத்துவர்கள் எழுதிவிட்டனர். ஆனால் அதற்குப் பின் ஏறத்தாழ 40 ஆண்டுகள், அழுத்தத்தைக் குறைப்பது நல்லதா என்பதிலேயே மருத்துவ உலகம் ஐயம் கொண்டிருந்தது. அந்த ஐயம் தீர்ந்த பிறகும், உப்பைக் குறைத்து உண்ணும் வழியை மக்கள் கைக்கொள்ளச் செய்வது வேறொரு நீண்ட கதையாயிற்று.

அளவிடும் கருவிகள்

இரத்த அழுத்தத்தை முதன்முதலில் அளந்தவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார். ஒரு பெண் குதிரையைக் கட்டிக் கிடத்தி, அதன் தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதனுடன் உயரமான கண்ணாடிக் குழாயை இணைத்தார். இரண்டையும் இணைக்க நெகிழ்வான பொருள் தேவைப்பட்டது. ரப்பர் குழாய் இல்லாத காலம் என்பதால் வாத்தின் மூச்சுக்குழலைப் பயன்படுத்தினார். இரத்தம் 8 அடி 3 அங்குல உயரத்துக்கு ஏறியது. இந்த முடிவுகளை 1733இல் நூலாக வெளியிட்டார். குதிரை இறந்துபோனது. மனிதரிடம் இந்த முறையைப் பயன்படுத்த இயலாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1828இல் பிரான்சின் ழான் பொய்சோய் உயரமான குழாய்க்குப் பதிலாகப் பாதரசம் நிரப்பிய வளைகுழாயைப் பயன்படுத்தினார். பாதரசம் நீரைவிடப் பதின்மூன்று மடங்குக்கு மேல் கனமானது. ஆகவே சிறிய குழாயே போதுமானதாக இருந்தது. இன்றும் இரத்த அழுத்தத்தை 'மில்லிமீட்டர் பாதரசம்' என்ற அலகில் குறிப்பதற்கு இதுவே காரணம். மின்னணுக் கருவிகளில் பாதரசமே இல்லாதபோதும் அலகு மட்டும் நிலைத்துவிட்டது.

தமனியை வெட்டாமல் அளக்கும் எளிய வழியை 1896இல் இத்தாலியின் தூரின் நகர மருத்துவர் சிப்பியோனே ரிவா ரோச்சி கண்டறிந்தார். மிதிவண்டியின் உட்குழாய், மைக்கூடு, பாதரசக் குழாய் போன்ற எளிய பொருள்களே அவருடைய கருவியின் உறுப்புகள். கையைச் சுற்றிய பட்டையில் காற்றை ஏற்றி, மணிக்கட்டில் நாடி மறையும் இடத்தை அவர் குறித்துக்கொண்டார். இம்முறையில் மேல் எண் மட்டுமே கிடைக்கும். 1901இல் இத்தாலிக்குச் சென்ற அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் இக்கருவியைத் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றார். 1905இல் ரஷ்ய இராணுவ மருத்துவர் நிக்கலாய் கொரோட்கோவ், பட்டைக்குக் கீழே தமனியின்மேல் கேட்புக்குழாயை வைத்தால் ஓசை தோன்றுவதையும் மறைவதையும் கொண்டு இரு எண்களையும் அறியலாம் என்று அறிவித்தார். அந்த அறிக்கை ஒரு பக்க அளவுகூட இல்லை. இன்று மருத்துவமனைகளில் செவிலியர் கையால் அளக்கும் முறை அதுவே.

இதற்கிடையில் ஒரு மனிதரைத் தனியே குறிப்பிட வேண்டும். லண்டன் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய பிரெடெரிக் அக்பர் மஹமத், நாடித் துடிப்பைக் கோடாக வரையும் கருவியை மேம்படுத்தி, அதைக் கொண்டு நோயாளிகளை ஆராய்ந்தார். அதுவரை அழுத்தம் கூடுவது சிறுநீரக நோயின் விளைவு என்றே கருதப்பட்டது. சிறுநீரகக் கோளாறு எதுவும் இல்லாதவர்களிடமும் அழுத்தம் உயர்ந்திருப்பதை 1870களில் அவர் எடுத்துக்காட்டினார். அதாவது, உயர் இரத்த அழுத்தம் தனியாகவே தோன்றக்கூடிய ஒரு நிலை என்பதை உணர்ந்த முன்னோடி அவர். இவருடைய பாட்டனார் பாட்னாவில் பிறந்த தீன் மஹமத். லண்டனில் 1810இல் இந்திய உணவகம் திறந்து, பின்னர் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியல் நிலையம் நடத்தியவர் என அறியப்பட்டவர். பேரன் 1884இல் குடற்காய்ச்சலால் 35 வயதில் இறந்தார். அவருடைய கண்டுபிடிப்பும் நெடுங்காலம் மறக்கப்பட்டது.

'குறைக்கக் கூடாத' அழுத்தம்

காரணம் தெரியாத உயர் அழுத்தத்துக்கு 1911இல் ஜெர்மானிய மருத்துவர் எபர்ஹார்ட் பிராங்க் ஒரு பெயர் சூட்டினார். அதன் ஆங்கில வடிவம் 'எசென்ஷியல் ஹைப்பர்டென்ஷன்'. வேறு நோயின் விளைவாக அன்றித் தானே தோன்றுவது என்பதே அவர் கருதிய பொருள். ஆனால் ஆங்கிலத்தில் 'எசென்ஷியல்' என்ற சொல்லுக்கு 'இன்றியமையாதது' என்ற பொருளும் உண்டு. வயது கூடக் கூடத் தமனிகள் தடித்துக் குறுகுகின்றன, அவற்றின் வழியே மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் இரத்தத்தைச் செலுத்த இதயம் கூடுதல் விசை கொடுத்தாக வேண்டும், ஆகவே அழுத்தம் உயர்வது உடலின் தற்காப்பு என்ற கருத்து வலுவாக இருந்தது. பெயரும் கருத்தும் பொருந்திப்போயின.

இது ஏதோ அறியாதவர்களின் நம்பிக்கையன்று. அமெரிக்க இதய மருத்துவத்தின் தலைமகனாகக் கருதப்பட்ட பால் டட்லி ஒயிட், 1931இல் வெளியிட்ட பாடநூலில், உயர் அழுத்தம் உடலுக்குத் தேவையான ஈடுசெய்யும் ஏற்பாடாக இருக்கக்கூடும் என்றும், குறைக்க முடிந்தாலும் அதில் கைவைக்கக் கூடாது என்றும் எழுதினார். அதே ஆண்டில் பிரிட்டனில் ஜான் ஹே என்னும் பேராசிரியர், ஒருவருக்கு உயர் அழுத்தம் இருப்பது கண்டறியப்படுவதே அவருக்குப் பெரிய ஆபத்து, ஏனெனில் யாராவது ஒரு மூடர் அதைக் குறைக்க முயல்வார் என்ற பொருள்படப் பேசினார்.

மருத்துவர்கள் இவ்வாறு எண்ணிக்கொண்டிருந்தபோது, வேறொரு தொழிலினர் கணக்கு எழுதிக்கொண்டிருந்தனர். அமெரிக்க ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விண்ணப்பதாரர்களின் இரத்த அழுத்தத்தை அளக்கத் தொடங்கின. யாருக்கு எவ்வளவு காலத்தில் இறப்புத் தொகை கொடுக்க நேர்கிறது என்பதே அவர்களுடைய கவலை. 1925இல் வெளியான அவர்களது கூட்டறிக்கை, அழுத்தம் கூடக் கூட ஆயுள் குறைவதைக் காட்டியது. உயர் அழுத்தம் தற்காப்பு என்றால் அது உள்ளவர்கள் அதிக நாள் வாழ வேண்டும். கணக்கு நேர்மாறாக இருந்தது. ஆயினும் காப்பீட்டுக் கணக்கர்களின் அட்டவணையை மருத்துவர்கள் போதிய அளவு பொருட்படுத்தவில்லை.

கெம்ப்னரின் சோறு

1904இல் பாரிஸில் லியோ அம்பார், யூஜின் போழார் என்னும் இரு மருத்துவர்கள் நோயாளிகளுக்கு உப்புக் குறைந்த உணவு கொடுத்து, அழுத்தம் இறங்குவதையும், உப்பை மீண்டும் சேர்த்தால் ஏறுவதையும் கண்டனர். 1920களில் அமெரிக்காவில் பிரெடெரிக் ஆலன் இதையே செய்து பார்த்து நல்ல பலன் கிடைத்ததாக எழுதினார். மற்றவர்கள் அதே பலனைப் பெறவில்லை. உப்பைக் கொஞ்சம் குறைத்தார்களேயன்றிப் போதிய அளவு குறைக்கவில்லை என்பது பின்னர்தான் தெரிந்தது.

உண்மையில் போதிய அளவு குறைத்தவர் வால்டர் கெம்ப்னர். ஜெர்மனியிலிருந்து நாஜி ஆட்சியின்போது வெளியேறிய யூத மருத்துவர். இவருடைய தாய் லிடியா ரபினோவிச் கெம்ப்னர், இராபர்ட் கோக்கிடம் பணிபுரிந்த புகழ்பெற்ற நுண்ணுயிரியல் அறிஞர். கெம்ப்னர் 1934இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலுள்ள டியூக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சிறுநீரகத்துக்கு வேலையைக் குறைத்தால் அது தேறும் என்பது அவருடைய எண்ணம். புரதமும் கொழுப்பும் உப்பும் மிகக் குறைந்த உணவாக அவர் தேர்ந்தெடுத்தது சோறு. உப்பில்லாமல் வேகவைத்த சோறு, பழங்கள், பழச்சாறு, சர்க்கரை. நாளொன்றுக்கு ஏறத்தாழ 2000 கலோரி, 20 கிராம் புரதம், சோடியம் 150 மில்லிகிராம் அளவு மட்டுமே. நாம் ஒரு வேளை சாம்பாரில் உண்பதைவிடக் குறைவான சோடியம் அது.

இவ்வுணவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீட்டிக்கக் கெம்ப்னருக்கே முதலில் அச்சம் இருந்தது. 1942இல் வட கரோலினாவின் 33 வயதுப் பெண் ஒருவர் அவரிடம் வந்தார். அழுத்தம் 190/120. விழித்திரையில் இரத்தக் கசிவு. இதயம் வீங்கியிருந்தது. இரண்டு வாரம் கழித்து வருமாறு கெம்ப்னர் சொன்னார். அவருடைய ஜெர்மானிய உச்சரிப்பில் அந்தப் பெண்ணுக்கு 'இரண்டு மாதம்' என்று கேட்டது. இரண்டு மாதமும் சோறும் பழமுமே உண்டு அவர் திரும்பி வந்தபோது அழுத்தம் 124/84 ஆகியிருந்தது. கண்ணின் கசிவுகள் மறைந்திருந்தன. இதயத்தின் அளவும் குறைந்திருந்தது. தவறாகக் கேட்ட ஒரு சொல்லால், நீண்ட காலம் கொடுத்தாலும் ஆபத்தில்லை என்பதும், கொடுத்தால்தான் பலன் என்பதும் தெரியவந்தன.

1944இல் கெம்ப்னர் தம் முடிவுகளை வெளியிட்டார். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த மார்பு எக்ஸ்ரே படங்களையும் விழித்திரைப் படங்களையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினார். சிலர் நம்ப மறுத்தனர். 1948இல் 500 நோயாளிகளைப் பற்றிய அறிக்கையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்கு அழுத்தம் கணிசமாகக் குறைந்ததாகக் கூறினார். ஒப்பீட்டுக்கென்று தனிக்குழு வைத்து அவர் ஆராயவில்லை; அது அவர் ஆய்வின் பெருங்குறை. ஆனால் பிற மருத்துவமனைகளிலும் இவ்வுணவு பலன் தந்தது. 1950ஐ ஒட்டி வந்த ஆய்வுகளில், அதே சோற்றுணவுடன் உப்பைச் சேர்த்துக் கொடுத்தபோது அழுத்தம் மீண்டும் உயர்ந்தது. மாற்றம் சோற்றால் வந்ததன்று, உப்பின்மையால் வந்தது என்று தெளிவாயிற்று. ஊறுகாயும் அப்பளமும் தொட்டுக்கொண்டு சோறு உண்போர் இதைத் தமக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள இடமில்லை.

உப்பிலுள்ள சோடியம் உடலில் தங்கும்போது நீரையும் தன்னுடன் தங்கவைக்கிறது. அதனால் இரத்தத்தின் அளவு கூடுகிறது. மிகுதியான சோடியத்தை வெளியேற்றச் சிறுநீரகம் கூடுதல் அழுத்தத்தைக் கோருகிறது. நாளடைவில் சிறு தமனிகளின் சுவர்களும் தடித்து இறுகுகின்றன. எல்லோருடைய உடலும் உப்புக்கு ஒரே அளவில் எதிர்வினை காட்டுவதில்லை. முதியோரிடமும் சிறுநீரக நோயாளிகளிடமும் இது மிகுதி.

கெம்ப்னரின் முறைக்கு ஒரு பெரிய தடை இருந்தது. அவ்வுணவைத் தொடர்ந்து உண்பது மிகக் கடினம். டர்ஹாம் நகரில் 'சோற்று வீடுகள்' என்று அழைக்கப்பட்ட விடுதிகளில் நோயாளிகள் மாதக்கணக்கில் தங்கி, சிறுநீரில் உப்பு எவ்வளவு என்று அடிக்கடி சோதிக்கப்பட்டு, கண்டிப்பான கண்காணிப்பில் உண்டனர். வீடு திரும்பியவர்களில் பலரால் அதைத் தொடர முடியவில்லை.

ஒரு குடியரசுத் தலைவரின் எண்கள்

கெம்ப்னர் தம் முடிவுகளை வெளியிட்ட அதே 1944இல், டர்ஹாமிலிருந்து சில மணி நேரப் பயணத் தூரத்திலிருந்த வாஷிங்டனில், உலகின் மிக முக்கியமான நோயாளி ஒருவர் இருந்தார். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் இரத்த அழுத்தம் 1935இல் 136/78. 1937இல் 162/98. 1941இல் 188/105. எண்கள் எழுதப்பட்டன, சிகிச்சை எதுவும் தொடங்கவில்லை. அவருடைய மருத்துவர் ராஸ் மெக்கின்டயர் காது மூக்கு தொண்டை நிபுணர். வயதுக்கேற்ற அளவுதான் என்று அவர் கருதினார். அன்றைய பாடநூல்களின்படி அது பெருந்தவறும் அன்று.

1944 மார்ச் இறுதியில் இளம் இதய மருத்துவர் ஹோவர்ட் புரூயன் ரூஸ்வெல்ட்டைப் பரிசோதித்தார். அழுத்தம் 186/108. இதயம் பெருத்து, செயலிழக்கத் தொடங்கியிருந்தது. புரூயன் ஓய்வு, டிஜிட்டாலிஸ் மருந்து, உப்புக் குறைந்த உணவு, குறைவான சிகரெட் என்று பரிந்துரைத்தார். ரூஸ்வெல்ட் ஒருமுறைகூடத் தம் நோய் என்னவென்று அவரிடம் கேட்கவில்லை. பொதுமக்களிடம் தலைவர் நலமாக இருப்பதாகவே கூறப்பட்டது. 1945 பிப்ரவரியில் யால்ட்டாவில் ஸ்டாலினுடனும் சர்ச்சிலுடனும் போருக்குப் பிந்திய உலகைப் பற்றிப் பேசியபோதும் அவருடைய அழுத்தம் மிக உயர்ந்தே இருந்தது. ஏப்ரல் 12 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸில், ஓவியர் ஒருவர் அவரை வரைந்துகொண்டிருந்தபோது தலையில் கடும் வலி என்று சொல்லிச் சாய்ந்தார். புரூயன் அளந்தபோது 300/190. மூளையில் இரத்தப்பெருக்கு. சில மணி நேரத்தில் இறந்தார். வயது 63. முன்னறிகுறி ஏதுமின்றி நேர்ந்தது என்று மெக்கின்டயர் கூறினார். புரூயன் தம் குறிப்புகளை 1970இல்தான் வெளியிட்டார்.

புரூயனின் உப்புக் குறைப்பு 1944இல் மிகத் தாமதமாக வந்தது. 1937இல் 162/98 என்று எழுதிய நாளிலிருந்து ஏழாண்டுகள் வீணாயின என்று சொல்வதே பொருத்தம்.

பிரேமிங்காமும் மருந்துகளும்

1948இல் அமெரிக்க அரசு தேசிய இதயச் சட்டத்தை இயற்றியது. அதே ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிரேமிங்காம் என்னும் சிறுநகரில் 5,209 பேரைத் தொடர்ந்து கண்காணிக்கும் ஆய்வு தொடங்கியது. இரண்டாண்டுக்கு ஒருமுறை அவர்களுடைய அழுத்தம், கொலஸ்ட்ரால், எடை, புகைப்பழக்கம் எல்லாம் பதிவாயின. காப்பீட்டுக் கணக்கர்கள் சொன்னதை இப்போது மருத்துவர்களே கண்டனர். உயர் அழுத்தம் பக்கவாதத்துக்கும் இதய நோய்க்கும் முன்னே வருகிறது. 1961இல் வெளியான கட்டுரையொன்றில் 'ஆபத்துக் காரணிகள்' என்ற கருத்து இடம்பெற்று, மருத்துவத்தின் அன்றாடச் சொல்லாயிற்று.

மருந்துகளும் வந்தன. சர்ப்பகந்தா என்னும் இந்திய மூலிகையின் வேரால் அழுத்தம் குறைவதை மும்பை மருத்துவர் ரஸ்டம் ஜால் வக்கீல் 1949இல் பிரிட்டிஷ் இதழொன்றில் எழுதி உலகறியச் செய்தார். 1950களின் இறுதியில் குளோரோதயசைடு என்னும் மாத்திரை வந்தது. அது சிறுநீரகத்தின் வழியே சோடியத்தை வெளியேற்றுகிறது. கெம்ப்னர் தட்டில் செய்ததை மாத்திரை உடலுக்குள் செய்தது எனலாம். 1967இல் எட்வர்ட் பிரைஸ் தலைமையில் முன்னாள் படைவீரர்கள் 143 பேரிடம் நடந்த சோதனையில், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 27 பேருக்கும் மருந்து பெற்றவர்களில் இருவருக்கும் மட்டுமே கடுமையான பாதிப்பு நேர்ந்தது. அழுத்தத்தைக் குறைக்கலாமா என்ற பழைய வாதம் அத்துடன் முடிந்தது.

அகிதாவின் குளிர்காலம்

கெம்ப்னரின் உணவை நியூயார்க்கின் ராக்பெல்லர் நிறுவனத்தில் சோதித்த குழுவில் லூயிஸ் டால் என்பவரும் இருந்தார். உப்பைப் பற்றிய கேள்வி அவரை விடவில்லை. பின்னர் புரூக்ஹேவன் ஆய்வகத்தில், உப்பால் அழுத்தம் எளிதில் ஏறும் எலிகளையும் ஏறாத எலிகளையும் தனித்தனியே இனப்பெருக்கம் செய்தார். பாதிப்பு ஓரளவு பிறப்பிலேயே அமைகிறது என்பதும், உப்பு இல்லையென்றால் அது வெளிப்படுவதில்லை என்பதும் தெரிந்தன. 1960இல் ஐந்து மக்கட்குழுக்களை ஒப்பிட்டு அவர் ஒரு வரைபடம் வெளியிட்டார். கீழ்முனையில் நாளுக்கு ஏறத்தாழ 4 கிராம் உப்பு உண்ட அலாஸ்கா எஸ்கிமோக்கள். மேல்முனையில் 26 கிராமுக்கு மேல் உண்ட வட ஜப்பான் உழவர்கள். உப்பு ஏறும் வரிசையிலேயே உயர் அழுத்தம் உள்ளோரின் விகிதமும் ஏறியது.

வட ஜப்பானின் அகிதா மாவட்டத்தில் குளிர்காலம் முழுவதும் பனி மூடிக்கிடக்கும். காய்கறி கிடைக்காது. ஆகவே இலையுதிர் காலத்திலேயே காய்களையும் மீனையும் உப்பிட்டுப் பெரிய மரத்தொட்டிகளில் சேமிப்பர். மூன்று வேளையும் சோறு, உப்புக் கரித்த மிசோ சாறு, ஊறுகாய். நம் ஊர்க் கருவாட்டையும் வடுமாங்காயையும் நினைத்துக்கொண்டால் அந்த உணவின் தன்மை விளங்கும். நடுவயதிலேயே பக்கவாதம் வந்து விழுவது அங்கே வழக்கமாக இருந்தது. 1951 முதல் 1980 வரை ஜப்பான் முழுவதிலும் இறப்புக்கு முதற்காரணம் பக்கவாதமே. அகிதாவில் அது இன்னும் கொடியது. ஹிரோசாகி பல்கலைக்கழகத்தின் நவோசுகே சசாகி ஊர் ஊராகச் சென்று அழுத்தத்தை அளந்தார். பக்கத்து அவோமோரி மாவட்டத்தில் ஆப்பிள் விளையும் கிராமங்களில் மக்களின் அழுத்தம் குறைவாக இருந்தது. ஆப்பிளில் பொட்டாசியம் உண்டு. பொட்டாசியம் சோடியத்தை வெளியேற்றச் சிறுநீரகத்துக்கு உதவுகிறது.

அகிதாவின் இகாவா என்ற ஊரில் 1963இல் ஒரு முயற்சி தொடங்கியது. ஆண்டுதோறும் ஊரார் அனைவருக்கும் அழுத்தப் பரிசோதனை. அழுத்தம் கூடியவர்களின் வீட்டுக்குச் செவிலியர் சென்று பார்த்தல். மருந்து தேவைப்படுவோரை மருத்துவரிடம் அனுப்புதல். சமையல் வகுப்புகள், உப்புக் குறைப்பதைப் பற்றிய கூட்டங்கள். இவற்றில் ஊர்ப் பெண்களே தன்னார்வலர்களாகப் பங்கேற்றனர். இவ்வளவு முழுமையான பணி நடக்காத அண்டை ஊருடன் ஒப்பிட்டபோது இகாவாவில் பக்கவாதம் கூடுதலாகக் குறைந்திருந்தது. 1980களில் நாகனோ மாவட்டமும் வீட்டு மிசோ சாற்றின் உப்பளவைச் சோதிக்கும் இயக்கத்தை நடத்தியது. குளிர்பதனப் பெட்டி வந்ததும், குளிர்காலத்திலும் காய்கறி கிடைக்கத் தொடங்கியதும் இதற்குத் துணைநின்றன. உப்பிட்டுச் சேமிக்கும் தேவையே குறைந்தது. 2019இல் ஜப்பானியரின் சராசரி உப்பு நாளுக்கு 10 கிராமை ஒட்டியிருந்தது. இன்னும் மிகுதிதான், ஆனால் டாலின் வரைபடத்திலிருந்த அளவில் பாதிக்கும் குறைவு.

விடுதியில் அடைத்துக் கண்காணித்த கெம்ப்னரால் நிலைநிறுத்த முடியாததை இகாவா நிலைநிறுத்தியது. ஒருவர் மட்டும் உப்பில்லாமல் உண்பதற்கும், ஊரே கொஞ்சம் உப்பைக் குறைப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. நாக்கு சில வாரங்களில் பழகிவிடுகிறது. ஆனால் சுற்றியுள்ள எல்லோருடைய சமையலும் மாறினால்தான் பழகுகிறது.

பின்லாந்தும் யனோமாமியும்

பின்லாந்தின் வட கரேலியப் பகுதியில் 1972இல் தொடங்கிய திட்டம் முதலில் வெண்ணெயையும் புகையிலையையும் குறிவைத்தது. இளம் மருத்துவர் பெக்கா புஸ்கா அதை வழிநடத்தினார். 1970களின் இறுதியில் உப்பும் சேர்ந்தது. அங்கே உப்பு பெரும்பாலும் ரொட்டியிலும் இறைச்சிப் பண்டங்களிலும் ஒளிந்திருந்தது. வீட்டில் குறைத்தால் மட்டும் போதாது. ஆகவே ரொட்டி சுடுவோரிடமும் தொழிற்சாலைகளிடமும் பேசினர். 1993இல் சட்டமே வந்தது. ரொட்டியில் உப்பு 1.3 விழுக்காட்டைத் தாண்டினால் 'உப்பு மிகுந்தது' என்று உறையில் அச்சிட வேண்டும். அந்த எழுத்தைத் தம் ரொட்டியில் பார்க்க விரும்பாத நிறுவனங்கள் உப்பைக் குறைத்துக்கொண்டன. மூன்று பத்தாண்டுகளில் நாட்டின் உப்பு நுகர்வு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மக்களின் சராசரிக் கீழ் எண் 10 மி.மீ. அளவு இறங்கியது. 65 வயதுக்குட்பட்டோரிடையே பக்கவாத, இதயநோய் இறப்புகள் நான்கில் மூன்று பங்குக்கு மேல் குறைந்தன. உப்பு மட்டுமே இதற்குக் காரணமன்று. கொழுப்பும் புகைப்பழக்கமும் குறைந்ததும் மருந்துகளும் சேர்ந்த விளைவு அது.

1988இல் வெளியான 'இன்டர்சால்ட்' ஆய்வு 32 நாடுகளில் 10,000க்கு மேற்பட்டோரின் சிறுநீர்ச் சோடியத்தை அளந்தது. அமேசான் காட்டில் வாழும் யனோமாமி பழங்குடியினரின் உணவில் உப்பு அநேகமாக இல்லை. அவர்களின் சராசரி அழுத்தம் 95/61 அளவில் இருந்தது. வயது கூடினாலும் அது ஏறவில்லை. வயதானால் அழுத்தம் கூடத்தான் செய்யும் என்ற, ரூஸ்வெல்ட்டின் மருத்துவர் நம்பிய கருத்துக்கு இதைவிட நேரடியான மறுப்பு இல்லை.

டர்ஹாமுக்குத் திரும்புதல்

1997இல் 'டேஷ்' என்ற பெயரில் ஒரு சோதனையின் முடிவு வெளியாயிற்று. 459 பேருக்குச் சமைத்த உணவே வழங்கப்பட்டது. ஒரு குழுவுக்கு வழக்கமான அமெரிக்க உணவு. இன்னொரு குழுவுக்குப் பழமும் காய்கறியும் கூடுதல். மூன்றாம் குழுவுக்கு அவற்றுடன் கொழுப்புக் குறைந்த பால் பொருள்களும் முழு தானியமும். உப்பும் உடல் எடையும் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே அளவில் வைக்கப்பட்டன. மூன்றாம் உணவால், உயர் அழுத்தம் உள்ளவர்களின் மேல் எண் முதல் குழுவைவிடச் சராசரியாக 11 மி.மீ.க்கு மேல் குறைந்தது. ஒரு மாத்திரை தரும் பலனுக்கு அது ஈடு. 2001இல் அதே உணவுடன் உப்பையும் குறைத்துப் பார்த்தபோது, இரண்டும் சேர்ந்து தந்த பலன் தனித்தனிப் பலன்களைவிடக் கூடுதலாக இருந்தது. இச்சோதனை நடந்த மையங்களுள் டியூக் பல்கலைக்கழகமும் ஒன்று. முதல் முடிவு வெளியான அதே ஆண்டில் கெம்ப்னர் டர்ஹாமில் 94 வயதில் இறந்தார்.

உப்பைத் தவிர வேறு வழிகளின் வரலாறும் உண்டு. 1915இல் போர்முனையில் பிரெஞ்சு இராணுவ மருத்துவர் காமீ லியான், நாளுக்கு 2 லிட்டருக்கு மேல் வைன் குடித்த வீரர்களிடம் உயர் அழுத்தம் அதிகம் இருப்பதைக் கண்டார். அதுவும் அரை நூற்றாண்டுக்கு மேல் கவனிக்கப்படாமல் கிடந்தது. உடல் எடை மிகுந்தவர்களிடம் ஒரு கிலோ எடை குறைந்தால் மேல் எண் ஏறத்தாழ 1 மி.மீ. இறங்குகிறது. வாரத்தில் பெரும்பாலான நாள்களில் அரை மணி நேரம் வேகமாக நடப்பவர்களுக்கு 5 மி.மீ. அளவில் குறைவது இயல்பு. புகைபிடித்தல் அழுத்தத்தைச் சிறிது நேரமே ஏற்றினாலும் தமனிகளைக் கெடுப்பதால் உயர் அழுத்தத்தின் தீங்கைப் பெருக்குகிறது. இவை மருந்துக்கு மாற்று அல்ல. அழுத்தம் மிகுந்தவர்களுக்கு மருந்தும் வேண்டும். மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டுப் பத்தியம் மட்டும் இருப்பது ஆபத்தில் முடியும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கும் உப்பு நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். சாம்பார், பொரியல், மோர், ஊறுகாய், இடையில் மிக்சர் எல்லாவற்றுக்கும் சேர்த்தே அந்த ஒரு கரண்டி.

சமையல்காரரின் கையைக் கட்டுப்படுத்தாமல் உப்பையே மாற்றினால் என்ன என்ற கேள்வியுடன் சீனாவின் ஊர்ப்புறங்களில் 600 கிராமங்களில் ஒரு சோதனை நடந்தது. முன்பு பக்கவாதம் வந்தவர்களும், 60 வயதைக் கடந்த உயர் அழுத்த நோயாளிகளுமாக 20,995 பேர் பங்கேற்றனர். பாதிக் கிராமங்களில் வழக்கமான உப்பு. மீதிக் கிராமங்களில் நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த மாற்று உப்பு இலவசமாகக் கொடுக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்தாண்டுகள் கண்காணித்து 2021இல் முடிவுகளை வெளியிட்டனர். மேல் எண் 3 மி.மீ. அளவே குறைந்திருந்தது. பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்திருந்தது. கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு உடலில் பொட்டாசியம் தேங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும் என்பதால் அவர்கள் இச்சோதனையில் சேர்க்கப்படவில்லை. மற்றவர்களின் அடுப்பும் பானையும் சமையல் முறையும் பழையபடியே இருந்தன; மாறியது உப்புப் பொட்டலம் மட்டும்.